கிறாபிக்ஸ் காட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கோ

சென்ற இதழில் பனிக்கால ரயர் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு டிசம்பர் 1ஆம் திகதிக்கு முதலே ரயர் மாற்றிவிட்டதாக மூன்று பேர் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். சந்தோஷம். நாலாவதாக எடுத்தவர் ஒரு தாய். கனடாவுக்கு வந்து எட்டு மாதம், இருப்பது இங்கே லாசாலில் நியூமன் தெருப் பக்கம். அவர் கேட்டது வேறு விஷயம்.

"தம்பி, என்ர மூத்தவன் கிறாபிக்ஸ் காட் எண்டு ஒண்டு கேட்டு மூண்டு கிழமையா முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறான். 900 டொலராம். நானும் இவரும் கிறெடிற் காட் எண்டுதான் நினைச்சம். அது இல்லையாம். அது என்ன சாமான் தம்பி?"

சிரிக்காதீர்கள். நாலைந்து வருஷத்துக்கு முன்பு எனக்கும் அது தெரியாது. ஓ.எல். எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பக்ரறியில் பெட்டி அடுக்குகிறேன். கொம்பியூட்டர் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், 220 டொலரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் படித்த தகுதிதான். அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் அது என்ன சாமான் என்று பார்ப்போம். திரையில் நாங்கள் பார்ப்பதெல்லாம் புள்ளிகள். சாதாரணமான திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கிப் பார்த்தால் 20 இலட்சத்துக்கு மேல். விளையாட்டில் உருவங்கள் ஓடி அசைவதற்கு அத்தனை புள்ளிக்கும் விநாடிக்கு 60 தடவை புதிதாக நிறம் தீட்ட வேண்டும். 12 கோடிக்கு மேல் வருகிறது. கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர்தான், அவர் எல்லாம் தெரிந்தவர். ஆனால் 500 பேருக்கு வெங்காயம் உரிக்கவும் தேங்காய் துருவவும் அவர் ஒருவர் காணாது, அதற்கு ஊர்ப் பெண்கள் கூட்டமாக வந்து குந்த வேண்டும். கொம்பியூட்டரின் மூளை அந்தச் சமையல்காரர். கிறாபிக்ஸ் காட் அந்தக் கூட்டம். 2023இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 4060 என்ற நடுத்தரக் காட்டில் 3,072 சின்னச் சின்ன மூளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேலைதான் செய்யும். எல்லாம் ஒரே நேரத்தில் செய்யும்.

பெற்றோருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடக் கட்டுரை எழுத, இணையத்தில் தேட, ஊரோடு வீடியோவில் கதைக்க இந்தக் காட் தேவையே இல்லை. இப்போது விற்கும் பெரும்பாலான கொம்பியூட்டர்களில் மூளைக்குள்ளேயே சிறிய கிறாபிக்ஸ் சேர்ந்து வருகிறது, அது போதும். "அப்பா, பள்ளிக்கூடத்துக்கு வேணும்" என்று பிள்ளை சொன்னால் எந்தப் பாடத்துக்கு என்று கேளுங்கள். என்னுடையவன் கணிதம் என்றான்.

இனி என் கதை. நான் தனியாக 2012இல் வந்தேன். வழக்கு, பேப்பர், ஸ்பொன்சர் என்று இழுபட்டு மனைவியும் மகனும் வந்து சேர்ந்தது 2019 இலையுதிர் காலம். விட்டுவிட்டு வரும்போது அவனுக்கு ஒரு வயது, விமான நிலையத்தில் பார்க்கும்போது எட்டு. என்னை ரெலிபோனில் தெரியும் என்பதுபோலத்தான் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கும் வரவேற்பு வகுப்பில் போட்டார்கள். நாலு பிள்ளைகளோடு பழகத் தொடங்க, 2020 மார்ச்சில் கொரோனா என்று எல்லாப் பள்ளிக்கூடத்தையும் பூட்டினார்கள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பின்னேரத்தில் ஒரு விளையாட்டுக்குள் சந்தித்துக் கதைக்கிறார்களாம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கந்தோரில் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர். அதில் அந்த விளையாட்டுத் திறந்தால் படம் படமாக நிற்கும். மற்றவர்கள் ஓடிப்போன பிறகுதான் இவன் கதவைத் திறப்பான். ஒருநாள் அவனை விட்டுவிட்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அவன் அழவில்லை, கொம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டுப் படுத்துவிட்டான். அழுதிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

அது 2021 பெப்ரவரி. அந்தக் காலம் இந்தக் காட்டுகளுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. சில்லுகள் போதாது, வீட்டுக்குள் அடைபட்ட சனம் எல்லாம் வாங்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக எதேரியம் என்ற இணையக் காசை உண்டாக்குவதற்கு இந்தக் காட்டுகளைப் பத்து இருபதாக வாங்கி இரவு பகலாக ஓடவிட்டார்கள். கடையில் இல்லை. இருந்தாலும் இரண்டு மடங்கு விலை. நான் இணையத்தில் பழைய சாமான் விற்கும் இடத்தில் தேடி, ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. என்று ஒன்றை 220 டொலருக்குப் பேசினேன். சந்திப்பு ஆங்கிறியோன் மெத்ரோவுக்குப் பக்கத்துக் கார்த் தரிப்பிடத்தில். அப்போது மொன்றியலில் இரவு 8 மணிக்கு ஊரடங்கு. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்குக் கால் தானாக நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே. ஏழு மணி, இருட்டு, குளிர். விற்க வந்தவரும் அவசரம், நானும் அவசரம். கார் வெளிச்சத்தில் பார்த்தேன். காட்டின் பின்பக்கத்தில் நீல நிறத்தில் பழைய வி.ஜி.ஏ. துவாரம் இருந்தது. எங்கள் வீட்டுத் திரையும் பழசு, அதே நீலப் பிளக். "அட, இது பொருந்தும், வேறு வயர் வாங்கத் தேவையில்லை" என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். மின்சாரத்துக்கு ஒரு பொருத்து வயரும் சும்மா தந்தார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

பூட்டினோம். கொம்பியூட்டரும் 1050 ரி.ஐ. என்றுதான் காட்டியது. விளையாட்டைத் திறந்தால் திரை கறுப்பு. மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, பக்ரறியில் என்னோடு வேலை செய்யும் ஒரு அண்ணையின் மகனைக் கேட்டேன். அவன் ஜி.பி.யூ-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை இறக்கச் சொன்னான். அது காட்டின் பெயருக்கு முன்னால் 'பொய்' என்று ஆங்கிலத்தில் அடைப்புக்குள் போட்டுக் காட்டியது. பல வருஷம் பழைய காட் ஒன்றின் உள்ளே இருக்கும் எழுத்தை மாற்றிப் புதுப்பெயர் சூட்டியிருந்தார்கள். அந்தப் பெடியன் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், பின்னால நீலத் துவாரம் இருக்கோ?" உண்மையான ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ.யில் அந்தத் துவாரமே கிடையாது. 2016இல் வந்த அந்த 10ஆம் வரிசையோடு என்விடியா அந்தப் பழைய இணைப்பைக் கைவிட்டுவிட்டது. நான் பார்த்துச் சந்தோஷப்பட்டதுதான் களவுக்குச் சாட்சி.

விற்றவரின் பக்கம் இணையத்தில் இல்லாமல் போய்விட்டது. 220 டொலர் எனக்கு இரண்டு நாள் சம்பளம். அந்த மாதம் அம்மாவுக்கு அனுப்புவதில் குறைத்தேன், ஏன் என்று சொல்லவில்லை. மகன் அந்தக் காட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "பரவாயில்லை அப்பா" என்றான். அவன் எனக்கு ஆறுதல் சொன்ன முதல் தடவை அதுதான். அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சொல்கிறேன்.

காட்டின் விலையைப் பார்க்க முதல் பிள்ளை என்ன விளையாடுகிறது என்று பாருங்கள். மைன்கிறாவ்ற், ரோபுளொக்ஸ், வலரன்ற், போர்ட்னைற் போன்றவை பெரிய காட் கேட்பதில்லை. சைபர்பங்க் 2077, புதிய அசாசின்ஸ் கிறீட் போன்றவை கேட்கும். (முதலாவது அசாசின்ஸ் கிறீட் 2007இல் வந்தது. செய்தவர்கள் எங்கள் மொன்றியலில் 1997இல் தொடங்கிய யூபிசொவ்ற் கூடம்தான். பிள்ளைகள் இந்த ஊரில் அந்தத் தொழிலுக்கும் போகலாம் என்பதைத் தாய்மார் காதில் போட்டு வைக்கிறேன்.) பிறகு திரையைப் பாருங்கள். வீட்டில் இருப்பது விநாடிக்கு 60 படம் காட்டும் திரை என்றால், 140 படம் கீறும் காட்டை வாங்கி மாட்டினாலும் கண்ணுக்குத் தெரிவது 60தான். அந்த 900 டொலர்க் காட் யாருக்கு என்றால், திரைக்கே இன்னொரு 500 கொடுத்தவருக்கு.

பெறுமதியைக் கணக்குப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. விலையை, அது விநாடிக்குக் கீறும் படத்தால் பிரியுங்கள். உதாரணத்துக்கு, 400 டொலர்க் காட் நீங்கள் விளையாடும் விளையாட்டில் 80 படம் தருகிறது என்றால் ஒரு படத்துக்கு 5 டொலர். 600 டொலர்க் காட் 100 படம் என்றால் ஒரு படத்துக்கு 6 டொலர். எத்தனை படம் வரும் என்பதைப் பெட்டியில் இருந்து எடுக்காதீர்கள். காட்டுகளை ஒரே கொம்பியூட்டரில் மாற்றி மாற்றி மாட்டி அளந்து காட்டுபவர்கள் யூரியூப்பில் நிறைய இருக்கிறார்கள், பாஷை விளங்காவிட்டாலும் இலக்கம் விளங்கும். இரண்டு மூன்று பேருடையதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டியை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஒரு சம்பவம். 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் மேடையில் ஏறி, 549 அமெரிக்க டொலர் ஆர்.ரி.எக்ஸ். 5070, முந்திய வரிசையின் 1,599 டொலர் 4090 போல ஓடும் என்றார். சனம் கைதட்டியது. விஷயம் என்னவென்றால், காட் உண்மையாகக் கீறும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் மூன்று படங்களை ஊகித்துச் செருகும் வித்தை ஒன்று உண்டு. அதையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. பாலுக்குள் தண்ணீர் விட்டால் போத்தல் நிறையும்தான். அந்த வித்தை சில விளையாட்டுக்கு உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கும்போது பாலை மட்டும் அளந்து பாருங்கள்.

அடுத்தது பெயர்ப் பித்தலாட்டம். எங்களைப் போன்றவர்கள் விழும் கிடங்கு இது. ஒரே பெயரில் இரண்டு சாமான் விற்கிறார்கள். 2022இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3050 எட்டு ஜீ.பி. மெமறி உள்ளது. 2024இல் அதே 3050 என்ற பெயரில் ஆறு ஜீ.பி. உள்ள ஒன்று வந்தது. குறைந்தது மெமறி மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் சின்ன மூளைகளும் 2,560 இல் இருந்து 2,304 ஆகக் குறைந்தன. அதற்கு முதல் ஜி.ரி.எக்ஸ். 1060 மூன்று ஜீ.பி.க்கும் ஆறு ஜீ.பி.க்கும் இதே கதை. 2022இல் 4080 என்ற பெயரில் இரண்டு வேறு வேறு காட் விற்கப் பார்த்து, சனம் திட்டியதில் ஒன்றை வெளிவர முன்பே திருப்பி எடுத்தார்கள். 2025இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 5060 ரி.ஐ.யும் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.ரி.யும் எட்டு ஜீ.பி., 16 ஜீ.பி. என்று இரண்டு விதம். பெரிய எழுத்தில் பெயர் ஒன்றுதான், மெமறி சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தை வாசியுங்கள்.

மெமறி எவ்வளவு வேண்டும்? இலேசான விளையாட்டுக்கு எட்டு ஜீ.பி. இன்னும் ஓடும். புதிய பெரிய விளையாட்டுகளில் எட்டு நிரம்பி வழிகிறது. நிரம்பினால் படம் தடக்கித் தடக்கி வரும். நாலு ஐந்து வருஷம் வைத்திருக்கும் எண்ணம் என்றால் 12 அல்லது 16 பாருங்கள். 9060 எக்ஸ்.ரி. வந்தபோது எட்டு ஜீ.பி. 299, பதினாறு ஜீ.பி. 349 அமெரிக்க டொலர் என்று அறிவித்தார்கள். 50 டொலர் வித்தியாசத்துக்கு இரட்டிப்பு மெமறி என்றால் நான் பெரியதைத்தான் எடுப்பேன். இன்ரெல் 2024 டிசம்பரில் விட்ட ஆர்க் பி580 என்பது 249 அமெரிக்க டொலருக்கு 12 ஜீ.பி. கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் அது பழைய கொம்பியூட்டரில் தன் வேகத்தைக் காட்டாது, புதிய வகைத் தாய்ப்பலகையும் நல்ல மூளையும் கேட்கும். எங்கள் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பழைய கொம்பியூட்டர் என்பதால் இதைச் சொல்கிறேன். இன்னொன்று, இந்த விலை எல்லாம் வெளிவந்த நாள் விலை. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமறிச் சில்லுகளை அள்ளத் தொடங்க, மெமறி விலை ஏறியது. வாங்கும் அன்று விலையைப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். பிசி பார்ட் பிக்கர் என்ற இணையப் பக்கத்தில் கனடாக் கடைகளின் விலையை ஒன்றாகப் பார்க்கலாம்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். லாசாலில் இருந்து லஷீனைத் தாண்டினால் டோர்வால். வேலைக்குப் போகும் பலருக்குத் தெரிந்த வழி. அங்கே மற்றொக்ஸ் என்ற கம்பனி 1976இல் தொடங்கியது. 1995இல் அவர்கள் விட்ட மிலேனியம் என்ற காட், எழுத்தும் படமும் தெளிவாகக் காட்டுவதில் உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. அடுத்த வருஷம் விளையாட்டுக்கென்று மிஸ்ரீக் விட்டார்கள். காகிதத்தில் நல்ல இலக்கங்கள். ஆனால் படத்தை மழுமழுப்பாக்கும் ஒரு முக்கியமான வேலை அதற்குத் தெரியாது, சுவர் எல்லாம் கட்டை கட்டையாகத் தெரிந்தது. அதே 1996இல் த்ரீடிஎவ்எக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியின் வூடூ வந்து விளையாட்டுக்காரரைக் கொண்டுபோய்விட்டது. அந்த வூடூக் கம்பனியும் நிலைக்கவில்லை, 2000இல் அதன் சொத்தை என்விடியா வாங்கியது. மற்றொக்ஸ் பல திரைகளை ஒன்றாக ஓட்டும் தொழில்முறைக் காட்டுகளுக்குப் போனது. ஏ.எம்.டி.யின் றேடியன் என்ற பெயரும் கனடாவில் பிறந்ததுதான். ஹொங்கொங்கில் இருந்து வந்து குடியேறியவர்கள் 1985இல் ஒன்ராறியோவில் தொடங்கிய ஏ.ரி.ஐ. கம்பனியின் பெயர் அது. எங்கள் சனம் நிறைந்த மார்க்கத்தில்தான் அதன் தலைமையகம் இருந்தது. 2006இல் ஏ.எம்.டி. அதை 540 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. இதை மகனுக்குச் சொன்னபோது, "அப்ப ஏன் எங்களுக்கு விலை குறையேல்லை?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

சரி, கொம்பியூட்டருக்கு வருவோம். காட் வாங்கிக்கொண்டு வந்த பிறகு பூட்ட முடியாமல் நிற்பவர்கள் அதிகம். பெட்டியைத் திறந்து நீளத்தை அளவுநாடாவால் அளவுங்கள். பிறகு மின்சாரப் பெட்டியில் எத்தனை வாட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். காட் செருகும் இடத்தில் இருந்து 75 வாட் வரைதான் வரும். அதற்கு மேல் குடிக்கும் காட்டுக்கு மின்சாரப் பெட்டியில் இருந்து ஆறு அல்லது எட்டு ஊசிப் பிளக் தனியாக வர வேண்டும். கந்தோரில் கழித்து விற்கும் ஒடுங்கிய கொம்பியூட்டர்களில் அந்தப் பிளக் பெரும்பாலும் இருக்காது, மின்சாரப் பெட்டியும் அந்தந்தக் கம்பனியின் சொந்த அளவில் இருப்பதால் வேறு மாற்றவும் இலகுவில்லை. அப்படிப்பட்டதற்கு வேறு பிளக் கேட்காத காட்டுகள் உண்டு. ஆறு ஜீ.பி. 3050 ஒன்று, அது 70 வாட்தான். மேலே திட்டினேன், ஆனால் இந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம். எனக்கு அந்த மனிதர் சும்மா தந்தது போன்ற மலிவுப் பொருத்து வயரைப் போட்டு இழுக்காதீர்கள், வயர் உருகும்.

மின்சார பில் கூடும் என்று பயப்படுகிறீர்களா? கணக்குப் பார்த்தேன். 100 வாட் கூடுதலாகக் குடிக்கும் காட்டை ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் ஓடவிட்டால் வருஷத்துக்கு 110 யூனிற். கியூபெக்கில் மின்சாரம் மலிவு, வருஷம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு டொலருக்குள் முடியும். அதிலும் பனிக்காலத்தில் அந்தச் சூடு அறைக்குள்தான் நிற்கும், சுவரோரக் கீற்றர் அவ்வளவுக்குக் குறைவாக எரியும். ஆகவே, "இது மின்சாரம் மிச்சம் பிடிக்கும், 100 டொலர் கூடக் குடுங்கோ" என்று யாராவது சொன்னால் கியூபெக்கில் அந்த நியாயம் செல்லாது.

கடையில் வாங்கும்போது போட்டிருக்கும் விலைக்கு மேல் இரண்டு வரி. ரி.பி.எஸ். 5 வீதம், ரி.வி.கியூ. 9.975 வீதம். 400 டொலர்க் காட் வெளியே வரும்போது 459 டொலர் 90 சதம். 2025 மே மாதத்தில் கியூபெக்கின் ஆகக்குறைந்த சம்பளத்தை மணிக்கு 16 டொலர் 10 சதம் ஆக்கினார்கள். அந்தச் சம்பளக்காரருக்கு அது 28 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலை, அதுவும் பிடித்தம் பிடிக்க முதல். நான் இப்போது எதையும் டொலரில் பார்ப்பதில்லை, மணித்தியாலத்தில் பார்க்கிறேன். கடைக் கிறெடிற் காட்டில் மாதாமாதம் கட்டலாம் என்று ஆசை காட்டுவார்கள். தவணை தவறினால் அந்த வட்டி எல்லா இலாபத்தையும் தின்றுவிடும்.

காசு கட்டும் இடத்தில் இன்னொரு பேச்சு வரும். "மேலதிக உத்தரவாதம் எடுங்கோ, 70 டொலர்தான், இல்லாட்டி ஒரு வருஷத்துக்குப் பிறகு பழுதானால் நீங்கள்தான் பொறுப்பு." எனக்கும் ஒரு கடையில் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் பயந்து எடுத்துவிடுவார்கள். கியூபெக்கில் வாங்கும் எந்தச் சாமானுக்கும் சட்டத்தால் வந்த உத்தரவாதம் ஒன்று உண்டு. பிரெஞ்சில் 'கறன்ரி லெகால்' என்பார்கள். விலைக்கும் பாவனைக்கும் ஏற்ற நியாயமான காலத்துக்குச் சாமான் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் கடைக்காரரையோ செய்த கம்பனியையோ கேட்கலாம். அதற்குத் தனிக்காசு இல்லை. மேலதிக உத்தரவாதத்தை விற்க முன்பு இந்தச் சட்ட உத்தரவாதம் இருக்கிறது என்பதை அவர்கள் வாயாலும் எழுத்தாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டும், 2010 முதல் அதுவும் சட்டம். அந்த இரண்டு சொல்லையும் நான் சொன்னேன், விற்பனைப் பெடியன் பேச்சை மாற்றிவிட்டான். பிரச்சினை வந்தால் 'ஒவிஸ் டு லா புறொதெக்சியோன் டு கொன்சொமத்தர்' என்ற பாவனையாளர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. ஆலோசனைக்குக் காசு இல்லை. அங்கே முறையிட்டால் பேப்பருக்குப் பாதகம் வருமோ என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வராது. குடிவரவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். பழுதில்லாத சாமானை மனம் மாறித் திருப்பிக் கொடுத்தால் எடுக்க வேண்டும் என்று கடைக்குச் சட்டம் இல்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். எத்தனை நாள் என்று காசு கட்ட முதலே கேளுங்கள்.

பழையது வாங்கலாமா? வாங்கலாம். பெறுமதி பார்த்தால் அதுதான் பல நேரம் முதலாம் இடம். ஆனால் தனிப்பட்டவரிடம் வாங்கும்போது நான் மேலே சொன்ன பாவனையாளர் சட்டம் உங்களோடு வராது. காட் கொம்பியூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கக் கேளுங்கள். அவருடைய வீட்டு வாசலில் என்றாலும் சரி. கனமான விளையாட்டு ஒன்றைக் கால் மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள், விசிறி எல்லாம் சுற்றுகிறதா, திரையில் புள்ளி சிதறுகிறதா என்று. ஜி.பி.யூ-இசட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முதல் ரசீது இருந்தால் வாங்குங்கள், செய்த கம்பனியின் உத்தரவாதம் சிலவற்றுக்கு மிச்சம் இருக்கும். "இப்ப நேரமில்லை, இன்னொருவர் வாங்க நிக்கிறார்" என்று அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவருக்கே விட்டுவிடுங்கள். எதேரியம் 2022 செப்ரெம்பர் 15ஆம் திகதி காட்டுகளால் காசு உண்டாக்குவதை நிற்பாட்டிய பிறகு, இரவு பகலாக ஓடிய காட்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டவை அல்ல, விசிறிதான் முதலில் தேயும். ஓடவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுக்குக் கடைசியில் என்ன வந்தது என்று சொல்லாமல் விட்டால் அந்த அம்மா திரும்பவும் தொலைபேசி எடுப்பார். 2023இல் பக்ரறி அண்ணையின் மகன் புதியது வாங்கியபோது, அவனுடைய முழு அளவுக் கொம்பியூட்டரை, 500 வாட் மின்சாரப் பெட்டியோடு, காட் இல்லாமல் 250 டொலருக்குத் தந்தான். காட்டை மகன் தேடினான். ஒன்றரை மாதம் விலையை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான். நவம்பர் கடைசி மலிவு விற்பனையில் ஆர்.எக்ஸ். 6600 புதிதாக, வரியோடு 300 டொலருக்குச் சற்று மேல். 2021இல் அது வந்தபோது போட்ட விலையே 329 அமெரிக்க டொலர். அதில் 90 டொலர் அவன் தந்தது, பக்கத்து வீடுகளில் பனி வழித்த காசு. வேண்டாம் என்றேன். "இல்லை அப்பா, அந்தக் காட்டுக்கும் எனக்காகத்தானே குடுத்தனீங்கள்" என்றான். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் சனிக்கிழமைகளில் அவனுடைய அறைக் கதவு பாதி திறந்திருக்கும். மறுமுனையில் இருப்பவர்களோடு பிரெஞ்சில் கத்திக் கதைப்பான், எனக்குப் பாதிதான் பிடிபடும். சிலவேளை என்னையும் இருத்தி விளையாட வைப்பான். இரண்டு நிமிஷத்தில் செத்துப்போவேன். அவன் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டு இவள் குசினியில் இருந்து எட்டிப் பார்ப்பாள். அந்தப் பொய்க் காட்டை எறியவில்லை. ரசீதுகள் வைக்கும் பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கிறது. யாராவது காட் வாங்கப் போகிறேன் என்று வந்தால் எடுத்து அந்த நீலத் துவாரத்தைக் காட்டுகிறேன்.

அடுத்த இதழில் வீட்டு வாடகை. வீட்டுக்காரர் வாடகை கூட்டிக் கடிதம் தந்திருந்தால் அதை மேசை இலாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று அப்போது பார்ப்போம்.